உறவைத் தேடி ஒரு வண்டிப் பயணம்!

ஆடி மாதம் பிறந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையில் பல வீடுகளில் ஒரே பரபரப்பு!

பரணில் கிடந்த பெரிய அண்டா கீழே இறங்குகிறது. தார்ப்பாயை உதறி வெயிலில் காயப் போடுகிறார்கள். அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் மூட்டையாகின்றன. பாயும் ஜமக்காளமும் சுருட்டிக் கட்டப்படுகின்றன. அருவாமனையைக்கூட ஆச்சி மறப்பது இல்லை.

"எங்கே பயணம்?" என்று கேட்டால், "காரையாருக்கு! சொரிமுத்தையனார் கோவிலுக்கு!" என்று பதில் வருகிறது.

பாபநாசத்துக்கு மேலே, பொதிகை மலைக் காட்டுக்குள், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது அந்தக் கோவில். பல குடும்பங்களுக்கு அதுவே குலதெய்வம். ஆடி அமாவாசைதான் அங்கே பெரிய திருவிழா.

அப்போது மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து கூடுகிறார்கள். கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, குடில் போட்டுத் தங்குகிறார்கள். அங்கேயே பொங்கி, அங்கேயே உண்டு, ஆற்றில் குளித்து, மரத்தடியில் உறங்குகிறார்கள்.

கூடாரம் அடித்துத் தங்குவது வெள்ளைக்காரர் பழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு முறை காரையாரை எட்டிப் பார்க்க வேண்டும். ஒருகாலத்தில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். இப்போது வேனிலும் காரிலும் போகிறார்கள். வண்டிதான் மாறியிருக்கிறது!

செருப்புக் காணிக்கை

அந்தக் கோவிலில் பட்டவராயன் சன்னதி என்று ஒன்று உண்டு. பட்டவராயன் என்கிற முத்துப்பட்டன், அந்தணர் குலத்தில் பிறந்தவன். செருப்புத் தைக்கும் குலத்தில் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்னும் அக்காள் தங்கையரை மணந்தான் என்பது கதை. ஆகவே இன்றும் அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள்.

சாதியைத் தாண்டி உறவு கொண்டவனை மக்கள் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். உறவைத் தேடிப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

இது யார், தெரிகிறதா?

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். அங்கிருந்து பாபநாசம் 650 கிலோமீட்டருக்கு மேல். விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் என்று நீண்டு கிடக்கிறது பாதை.

ஒரே மூச்சில் வண்டியை விரட்டினால் ஒரு பகலில் போய்விடலாம். ஆனால் திருச்சியில் சித்தி இருக்கிறாள். மதுரையில் கூடப் படித்த நண்பன் இருக்கிறான். கோவில்பட்டியில் அத்தை இருக்கிறாள். அவர்கள் வாசலைத் தாண்டித்தான் அந்த வண்டி போகிறது!

இந்த உறவினர்களைப் பிள்ளைகள் எங்கே பார்த்திருக்கிறார்கள்? கல்யாண வீட்டில் பார்த்திருப்பார்கள். அங்கே மொய் எழுதவும், பந்திக்கு இடம் பிடிக்கவும், போட்டோவுக்கு நிற்கவும் நேரம் சரியாகிவிடுகிறது. இன்னொரு இடம் துக்க வீடு. அங்கே யாரும் யாரோடும் சிரித்துப் பேச முடியாது.

சாவகாசமாக உட்கார்ந்து பேசிய நாள் எது?

"எலே, இது யாருன்னு தெரியுதா? உங்க அத்தை மகன்லே!" என்று குடிலுக்குள் ஒரு ஆச்சி சொல்லும்போது, பையன் வெட்கப்பட்டு நெளிகிறான். சற்று நேரத்தில் அந்த இரண்டு பையன்களும் ஆற்றங்கரையில் கூழாங்கல் பொறுக்குகிறார்கள். இரவில் ஒரே ஜமக்காளத்தில் படுத்து உறங்குகிறார்கள். அந்த உறவு இனி எளிதில் அறுந்துபோகாது.

செல்போனில் முகம் பார்த்துப் பேசினால் போதாதா என்று கேட்கலாம். பேசட்டும், நல்லதுதான். ஆனால் ஆபத்து என்றால் ஓடி வருகிறவர்கள் யார்? நம் வீட்டில் உட்கார்ந்து உண்டவர்கள்தானே முதலில் வருகிறார்கள்?

அடுப்படியில் யார்?

இந்தப் பயணத்தைக் குறை சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. அதையும் கேட்கத்தான் வேண்டும்.

விருந்தாளிகள் வந்தால் வீட்டு ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அடுப்படியில் வேகிறவள் யார்? அந்த வீட்டு மருமகள்! காலையில் இட்லி, மதியம் சாப்பாடு, மாலையில் காப்பி, இரவில் தோசை. பத்துப் பேருக்குத் தோசை வார்த்து முடித்து அவள் உட்காரும்போது மணி பதினொன்று. பல வீடுகளில் அவளும் வேலைக்குப் போகிறவள்.

"வாங்க மதினி!" என்று அவள் வாய் நிறையக் கூப்பிடுகிறாள். ஆனால் முதுகுவலி அவளுக்குத்தானே தெரியும்!

உறவு தேய்ந்து போனதற்குக் காலத்தைக் குறை சொல்கிறார்கள். பெண்களின் உழைப்பைக் கேட்காமலே எடுத்துக்கொண்டதும் ஒரு காரணம் அல்லவா?

இதற்கு வழி காரையார்க் குடிலிலேயே இருக்கிறது. அங்கே வீட்டுக்காரர், விருந்தாளி என்ற பேதமே கிடையாது. எல்லோரும் வந்தவர்கள். ஒருவர் தண்ணீர் எடுக்கிறார். ஒருவர் காய் நறுக்குகிறார். வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத மாமா, அங்கே அண்டாவைத் தேய்க்கிறார்!

அந்தப் பழக்கத்தை உறவினர் வீட்டுக்கும் கொண்டுபோனால் என்ன?

போவதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டில் ஓர் இரவுக்கு மேல் தங்கக் கூடாது. படுக்கப் பாயும் போர்வையும் கையோடு இருக்கட்டும். மொட்டை மாடியே போதும். ஒரு வேளை அவர்கள் கையால் சாப்பிட வேண்டும். மறுவேளை வந்தவர்கள் சமைத்து, அந்த வீட்டுப் பெண்களை உட்காரவைத்துப் பரிமாற வேண்டும்.

"எங்கள் வீட்டில் வந்து நீங்கள் சமைப்பதா?" என்று கோபிப்பார்கள். முதல் முறைதான் அந்தக் கோபம். இரண்டாம் முறை, "எப்போது வருகிறீர்கள்?" என்று அவர்களே கேட்பார்கள்.

ஆறு யாருடையது?

இன்னொரு மனக்குறையும் காரையார் போகிறவர்களிடம் உண்டு. "பாட்டன் காலத்தில் நாள் கணக்கில் தங்கினோம். இப்போது இத்தனை நாள்தான் என்கிறார்கள். சோதனைச் சாவடியில் பையைப் பிரித்துப் பிளாஸ்டிக்கைப் பிடுங்குகிறார்கள். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் போகச் சொல்கிறார்கள்!" என்று குமுறுகிறார்கள்.

குமுறலில் உண்மை உண்டு. ஆனால் காரணத்தையும் பார்க்க வேண்டும்.

அந்தக் காடு களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1988-ல் அமைந்த அதுவே தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். காணி மக்களின் குடியிருப்புகளும் அங்கே உண்டு. பாட்டன் காலத்தில் வண்டிகள் சில. இன்று வருகிற கூட்டமோ கணக்கில் அடங்காதது. பாட்டன் வாழை இலையில் சாப்பிட்டார். பேரன் பிளாஸ்டிக் தட்டில் சாப்பிடுகிறான். இலையை மண் தின்னும். பிளாஸ்டிக்கை யார் தின்பது? மானும் மிளாவும் தின்று சாவதா?

ஆற்றின் கதை இன்னும் பெரிது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வயலுக்கும் குடிநீருக்கும் தாமிரபரணியே ஆதாரம். பாபநாசத்தில் குளித்துவிட்டு, கட்டியிருந்த துணியை ஆற்றோடு விடுகிறார்கள். பாவம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அந்தத் துணி படித்துறையிலும் பாறை இடுக்கிலும் சிக்கி அழுகுகிறது. அந்தத் தண்ணீரைத்தான் கீழே இருக்கும் அத்தையும் சித்தியும் குடிக்கிறார்கள்!

உறவைப் பார்க்கப் போகிறவர்கள் உறவினர் குடிக்கும் தண்ணீரை அழுக்காக்கலாமா?

ஆகவே கட்டுப்பாடு தேவைதான். அதே நேரத்தில் அதிகாரிகளுக்கும் கடமை உண்டு. நல்ல தண்ணீர், போதுமான கழிப்பறை, பெண்கள் உடை மாற்றத் தடுப்பு, முதியோர் ஏறி இறங்கத் தோதான பஸ் வசதி, இத்தனையும் செய்துவிட்டுத் தடை போட்டால் ஜனங்கள் மறுக்க மாட்டார்கள்.

உயிர் முக்கியம்!

வண்டி விஷயத்தில் விளையாட்டுக் கூடாது. செலவு குறையும் என்று சரக்கு லாரியில் ஆட்களை ஏற்றுகிறார்கள். அது சட்டப்படி குற்றம். கவிழ்ந்தால் குடும்பமே போய்விடும். இரவெல்லாம் கண்விழித்து ஓட்டுவதும் வேண்டாம். வழியில் சித்தி வீடு எதற்கு இருக்கிறது?

வண்டிக்குள்ளோ குடிலுக்குள்ளோ அடுப்பு மூட்டவே கூடாது. 2023 ஆகஸ்டு 26-ல் மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த 9 பேர் மாண்டார்கள். பெட்டிக்குள் கேஸ் சிலிண்டர் வைத்திருந்ததே காரணம் என்று ரயில்வே துறை தெரிவித்தது. ஒரு குவளைத் தேநீருக்காக உயிரைக் கொடுப்பதா?

எந்த மாதமானாலும்

ஆடியில் பள்ளிக்கூடம் நடக்கும். லீவு கிடைக்காது என்பவர்கள் மே மாத விடுமுறையில் புறப்படலாம். குலதெய்வம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. வழியில் நாலு உறவினர் வீடு இல்லாமலா போகும்?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய், பணம் கட்டி அறை எடுத்து, அடுத்த அறையில் இருப்பவர் யார் என்றே தெரியாமல் திரும்பி வருகிறார்கள். அந்தச் செலவில் பாதி போதும், பத்து வீட்டுப் படி ஏறி இறங்கலாம்!

திரும்பி வரும்போது வண்டியில் அரிசி மூட்டை காலியாக இருக்கும். அந்த இடத்தில் கோவில்பட்டி அத்தை கொடுத்த கடலை மிட்டாய் இருக்கும். பின் இருக்கையிலிருந்து பையன் கேட்பான்:

"அப்பா, அடுத்த வருஷம் அத்தை வீட்டில் இரண்டு நாள் தங்கலாமா?"

ஓர் இரவுக்கு மேல் தங்கக் கூடாது என்று அப்பா சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே, "அத்தையைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பார்!