அலர்ஜி டெஸ்டுக்கு முந்தைய ஒரு வாரம்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஓயாத தும்மல், தடிப்பு, இளைப்பு என்று யாராவது இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

அலர்ஜி தோல் பரிசோதனைக்குத் தேதி கொடுக்கும்போதே, எந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் வாயால்கூடச் சொல்வதில்லை. கீழே டவுனில் இருப்பவர்களுக்கு அது ஒரு ஆட்டோ செலவோடு போகும். மலையில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது.

நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் என் பழைய மாணவி ஒருத்தி, இளைப்பு இருக்கும் ஒன்பது வயது மகனைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் சேலம் போனாள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் பையன் இரண்டு முறை வாந்தி. அங்கே நர்ஸ், "கடைசியா எப்போ சளி மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். "நேத்து ராத்திரிதாங்க." அவ்வளவுதான், இன்னொரு தேதி போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "முன்னாடியே சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேனே டீச்சர்" என்று போனில் அழுதாள். அவள் கேட்டதில் என்ன தப்பு?

ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பது என் வகுப்பில் படித்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். இலையில் கறுப்புத் தாள் ஒட்டி ஸ்டார்ச் சோதனை செய்வோமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன் தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைப்போம். பழைய ஸ்டார்ச் இலையில் மிச்சமிருந்தால் அயோடின் நம்மை ஏமாற்றிவிடும். இங்கேயும் அதே கதை. முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து, ஒவ்வொரு சொட்டின் வழியாகவும் மேல்தோலில் லேசாகக் குத்துவார்கள். ஒத்துக்கொள்ளாத பொருள் என்றால் 15-20 நிமிடத்தில் கொசு கடித்தது போல் தடிக்கும். அந்தத் தடிப்பை உண்டாக்குவது ஹிஸ்டமின். அலர்ஜி மாத்திரையின் வேலையே ஹிஸ்டமினைத் தடுப்பது. மாத்திரை உடம்பில் இருந்தால் கை பேசாது.

அதனால்தான் வெறும் ஹிஸ்டமின் ஒரு சொட்டு, உப்புநீர் ஒரு சொட்டு என்று இரண்டு ஒப்பீட்டுச் சொட்டும் வைக்கிறார்கள். ஹிஸ்டமின் தடிக்க வேண்டும், உப்புநீர் தடிக்கக் கூடாது. உப்புநீர் இடத்தைவிடக் குறைந்தது 3 மில்லிமீட்டர் பெரிதாகத் தடித்தால்தான் கணக்கு.

நிறுத்த வேண்டியவை செட்ரிசின், லீவோசெட்ரிசின், ஃபெக்ஸோஃபெனாடின், அவில் வகையறா. பொதுவாக ஒரு வாரம் என்பார்கள். ஆளுக்கும் மாத்திரைக்கும் தகுந்து மாறும் என்பதால் நாள் கணக்கை டாக்டரிடமே கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் "சளிக்கு" என்று வாங்கும் மாத்திரையிலும் இருமல் டானிக்கிலும் குளோர்பெனிரமைன் ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். முன்கையில் ஸ்டீராய்டு களிம்பு தடவினாலும் முடிவு கெடும். தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ அமிட்ரிப்டிலின் சாப்பிடுபவர்கள், பிரஷருக்கு அடினலால், மெட்டோபுரோலால் சாப்பிடுபவர்கள் அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தாமாக நிறுத்தக் கூடாது.

இன்ஹேலரை நிறுத்தவே கூடாது. "டெஸ்டுக்குப் போறோம், எல்லா மருந்தையும் நிறுத்திடுவோம்" என்று பஃப்பையும் நிறுத்திவிட்டு ராத்திரி மூச்சுக்குத் திணறினால், இந்தப் பனியில் யார் வண்டி எடுப்பது? மாத்திரையை நிறுத்தவே முடியாதவர்களுக்கும், தோல் முழுக்கக் கரப்பான் இருப்பவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதற்கு மாத்திரை இடைஞ்சல் இல்லை.

வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. ஸ்வெட்டருக்குள் அரைக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள். டெஸ்ட் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். அபூர்வமாக உடம்பு முழுக்க ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உட்காரச் சொல்லும் நேரம் உட்கார்ந்திருங்கள்.

கையில் ஒரு நோட்டும் வேண்டும். எப்போது வந்தது, எங்கே இருந்தீர்கள், என்ன சாப்பிட்டு எத்தனை நிமிடம் கழித்து என்று எழுதுங்கள். தடிப்பு டாக்டரைப் பார்த்ததும் மறைந்துவிடும், போனில் படம் எடுத்து வையுங்கள். பெட்டியிலிருந்து கம்பளி எடுத்த அன்றா, சுவரில் பூஞ்சை பூத்த மழை மாதத்திலா, காப்பிக்கொட்டை மூட்டை கட்டும் நாளிலா? பச்சைக் காப்பிக்கொட்டைத் தூசியால் வேலையாட்களுக்கு இளைப்பு வருவது மருத்துவத்தில் பதிவான விஷயம். வழக்கமான சொட்டு வரிசையில் அது இருக்கும் என்று நினைக்காதீர்கள், நீங்கள் சொன்னால்தான் டாக்டர் யோசிப்பார். விறகடுப்புப் புகையும் குளிர்காற்றும் இளைப்பைக் கிளப்பும், ஆனால் எந்தச் சொட்டிலும் தெரியாது.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. நூறு பொருள், இருநூறு பொருள் என்று பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். தடித்தால் உடம்பு அதை அடையாளம் கண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். தினமும் வேர்க்கடலை தின்று ஓடியாடும் பிள்ளைக்குக் கையில் தடித்தது என்பதற்காக மட்டும் கடலையை நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தாளில் வந்ததென்று பால், முட்டை, கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தி மெலிந்துபோன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். எதை நிறுத்துவது என்பதை அந்த நோட்டை வைத்துக்கொண்டு டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

என் மாணவர்களில் நர்ஸாக, லேப் டெக்னீஷியனாக, மெடிக்கல் ஷாப்பில் இருப்பவர்கள் பலர். அரைப் பக்கம் போதும் கண்ணுகளா. தமிழில் நான் எழுதித் தருகிறேன். உங்கள் டாக்டரிடம் காட்டித் திருத்தி, தேதிச் சீட்டோடு சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.