ஆணி அடித்தால் அது ரிப்பேர் இல்லை



நம்ம வில்லாபுரத்துப் பட்டறை ஒன்றில் எடுத்த வீடியோவை நேற்று நாலைந்து பேர் எனக்கு அனுப்பியிருந்தீர்கள். பழைய பெட்ரோல் லாரி, டிஸ்ட்ரிபியூட்டர் பின் உடைந்து நின்றுவிட்டது. மெக்கானிக் ஒரு கான்கிரீட் ஆணியை வெட்டி, பின் இருந்த ஓட்டையில் அடித்து இறக்கி, பத்து நிமிஷத்தில் வண்டியைக் கிளப்பிவிட்டார். "இன்ஜினியரிங் படிச்சவனால முடியுமா சார்?" என்று என்னிடமே கேள்வி வேறு.

அந்தத் தம்பியின் கைவேகத்தை நான் குறை சொல்லவில்லை. செய்த வேலை தப்பு என்கிறேன்.

பிளக்குகளுக்கு முறை வைத்து மின்சாரம் பகிர்ந்து கொடுப்பதுதான் டிஸ்ட்ரிபியூட்டர். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் அது ஒரு சுற்று சுற்றும். கேம் ஷாஃப்டோடு சேர்ந்து ஓடும் பல்சக்கரத்தை அதன் ஷாஃப்டில் பிடித்து வைத்திருப்பது இந்தச் சின்னப் பின். அது உடைந்தால் பல்சக்கரம் மட்டும் சுற்றும், ரோட்டர் அசையாது. எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் பொறி வராது.

ஃபியூஸ் போனால் அந்த இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றாதே என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? இதுவும் அதுதான். அந்த வரிசையில் மெலிந்தது பின். ஷாஃப்ட் எண்ணெய் காய்ந்து புஷ்ஷில் இறுகியிருக்கும். சில எஞ்சின்களில் இதே ஷாஃப்டின் அடிமுனைதான் ஆயில் பம்பையும் சுற்றுகிறது. பம்பில் ஒரு துணுக்கு சிக்கினாலும் முதலில் போவது பின்தான். அதில் கெட்டி ஆணியை அடித்தால் அடுத்த தடவை பல்சக்கரம் உடையும், கேம் ஷாஃப்டின் பல்லும் சேர்ந்து போகும். சில ரூபாய் பின்னோடு முடிய வேண்டியது எஞ்சினைப் பிரிப்பதில் வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது என்ன? முதல் சிலிண்டரை கம்ப்ரஷனில் மேலே கொண்டுவந்து நிறுத்திவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்று. ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார், இறுக்கம் இருந்தால் காரணத்தைத் தேடு. பல்லைப் பார், ஆயில் பம்ப் தாராளமாகச் சுற்றுகிறதா பார். உடைந்த துண்டுகளை எண்ணு. ஒன்று குறைந்தாலும் அது ஆயில் சம்ப்பில் கிடக்கலாம், எடுக்காமல் விடாதே. ஓட்டை தேய்ந்து அகன்றிருந்தால் பல்சக்கரத்தை மாற்று. சக்கரத்தை 180 டிகிரி திருப்பிப் பொருத்திவிட்டால் டைமிங் குழம்பும் என்பதால் கழற்றும் முன்பே அடையாளம் போட்டுக்கொள். அதன் பிறகுதான் அதே அளவில், அதே ரகத்தில் புதுப் பின்.

"பழைய வண்டிக்கு பார்ட்ஸ் எங்க சார் கிடைக்குது?" என்பீர்கள். கிடைக்காதது டிஸ்ட்ரிபியூட்டராக இருக்கலாம். பின்னை வெர்னியரில் அளந்து கேட்டால் கிடைக்கும். நடுக்காட்டில் நின்றுவிட்ட வண்டியை ஊர் சேர்க்க ஒரு ஆணி, சரி, ஒப்புக்கொள்கிறேன். ஊர் வந்த பிறகும் அதே ஆணியோடு லோடு ஏற்றி அனுப்புவது டிரைவரை நடுவழியில் கைவிடுவதற்குச் சமம். ராத்திரி மலைப்பாதையில் நிற்கப்போவது வீடியோ எடுத்தவர் இல்லை.

"இதுதான் நம்ம மதுரை மூளை" என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, மரக்கரியிலிருந்து வாயு எடுத்து பஸ் ஓட்டக் கருவி செய்து கொடுத்தார்கள் நம்ம ஊர் டி.வி.எஸ். காரர்கள். அது மூளை. எஞ்சினுக்கு என்ன தேவை என்று புரிந்துகொண்டு செய்த மாற்று வழி அது. எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று கேட்காமல் ஆணி அடிப்பதை அதோடு சேர்க்காதீர்கள்.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. "சீக்கிரம் கிளப்பு" என்று நீங்கள் தலைமேல் நின்றால், எந்த மெக்கானிக்கும் ஆணியைத்தான் தேடுவார். அரை நாள் கொடுங்கள், அந்த அரை நாளுக்குக் கூலியும் கொடுங்கள்.

அடுத்த முறை பட்டறையில் "பின்னு மாத்தியாச்சு" என்றால் பணத்தை எடுக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "பழைய பின்னை உடைச்சது எது தம்பி?" பதில் வராவிட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.