மரமண்டை: பஞ்சு விட்டது ஒரு குத்தமா?

‘ஐ.வி.’ன்னு பேரு வெச்சுக்கிட்டு டெல்லி, சண்டிகர், மணாலின்னு கிளம்பப் போற தேர்டு இயர் மக்களே... ரயில் ஹரியானாவுக்குள்ள நுழைஞ்சதும் அந்தாக்ஷரிக்கு ஒரு பிரேக் விட்டுட்டு ஜன்னல் பக்கம் திரும்புங்க. கோதுமை வயலுக்கு நடுவுல, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி ஒல்லி ஒல்லியா மரங்கள் நிக்கும். ‘யூகலிப்டஸ்டா மச்சான்’னு ஒருத்தன் அடிச்சு விடுவான். சில இடத்துல அது கரெக்ட்டாவும் இருக்கும். ஆனா டிசம்பர், ஜனவரியில இலையே இல்லாம மொட்டையா நின்னா, அது பாப்ளர்.

நம்ம பூவரசு இருக்கே, அதோட தாவரவியல் பேர் தெஸ்பீசியா பாப்புல்னியா. ‘பாப்ளர் மாதிரி’ன்னு அர்த்தம். இலைதான் காரணம். இதுல காமெடி என்னன்னா, பூவரசு பருத்திக் குடும்பம், ஆனா பஞ்சைப் பறக்க விடாது. பாப்ளர், கிரிக்கெட் பேட் செய்யற வில்லோவோட குடும்பம். அது பஞ்சாக் கொட்டும்! அந்தப் பஞ்சுதான் காஷ்மீர்ல அதுக்கு எமனா வந்திருக்கு. அந்தக் கதைக்கு முன்னாடி மரத்தைக் கொஞ்சம் பழகிக்கோங்க.

ஹரியானா, பஞ்சாப் வயல்ல நிக்கறது பாப்புலஸ் டெல்டாய்டிஸ். இலை முக்கோணமா இருக்கும். கணக்குல வர்ற டெல்டாவேதான், பேர்லயே ஃபார்முலா இருக்கு! இலைக்காம்பை விரல்ல உருட்டிப் பாருங்க, உருளாது. பக்கவாட்டுல ரிப்பன் மாதிரி தட்டை. அதனாலதான் லேசாக் காத்தடிச்சாலும் மொத்த மரமும் படபடன்னு ஆடுது. இலையோட அடிப்பக்கம் வெள்ளையா பஞ்சு ஒட்டின மாதிரி இருந்தா அது வெள்ளை பாப்ளர். பென்சில் மாதிரி நெட்டுக்குத்தலா வளர்ந்தா லொம்பார்டி பாப்ளர். லடாக் பக்கம் போனா இன்னொரு வகை, யூஃப்ராட்டிகா. ஒரே மரத்துல வில்லோ மாதிரி நீள இலையும் இருக்கும், அகல இலையும் இருக்கும். உப்பு மண்ணுலயும் தாக்குப்பிடிக்கும். செம கில்லாடி.

வளர்க்கறது ரொம்ப ஈஸி. மரம் தூங்கற ஜனவரி, பிப்ரவரியில ஒரு வயசு கிளையில ஒரு ஜாண் நீளக் குச்சி வெட்டி, மேல ஒரே ஒரு மொட்டு தெரியற மாதிரி ஈர மண்ணுல சொருகணும். அவ்ளோதான். வருஷம் முடியறதுக்குள்ள உங்களைவிட உயரமாயிடும். அடுத்த குளிர்காலத்துல வேரோட பிடுங்கி, சுமார் 1 மீட்டர் ஆழக் குழியில, 4, 5 மீட்டர் இடைவெளி விட்டு வயல்ல நடுவாங்க. குளிர்ல இலை இல்லாததால கீழ இருக்கற கோதுமைக்கு வெயில் தடையில்ல. 6, 7 வருஷத்துல வெட்டு. நேரா யமுனாநகர் பிளைவுட் ஆலை. நம்ம ஊர் சமவெளி வெயில்ல இந்த வேலையெல்லாம் வேண்டாம், அதுக்குக் குளிரு வேணும்.

குச்சி நட்டா வர்றது தாய் மரத்தோட ஜெராக்ஸ். இந்தப் பாயிண்டை மறந்துடாதீங்க. ஏன்னா பாப்ளர்ல ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் குச்சி ஆண் மரமாத்தான் வளரும்.

இப்ப காஷ்மீர். 1980கள்ல சமூகக் காடு திட்டத்துல அங்க டெல்டாய்டிஸ் வந்துச்சு. ஊர்க்காரங்க வெச்ச பேரு ‘ரஷ்யன் பாப்ளர்’. சொந்த ஊர் என்னவோ அமெரிக்கா! சீக்கிரம் வளருதேன்னு எல்லாரும் நட்டாங்க. ஆப்பிள் பெட்டி செய்ய மரம் வேணுமே. பெண் மரங்கள் பெருசாகி, மே மாசம் விதையோட பஞ்சு பறக்க ஆரம்பிச்சது. நம்ம எருக்குல பறக்கற ‘தாத்தா பூச்சி’யை ஊர் முழுக்க மூட்டை மூட்டையா அவிழ்த்து விட்ட மாதிரி. தும்மல், இருமல் எல்லாத்துக்கும் பழி பஞ்சு மேல விழுந்துச்சு. 2015ல உயர் நீதிமன்றமே பெண் மரங்களை வெட்டச் சொன்னது. 2020ல கொரோனா பயத்துல மறுபடியும் வெட்டு.

பஞ்சு மூக்குல ஏறினா எரிச்சல் வரும், நிஜம். குவிஞ்சு கிடந்தா தீயும் சட்டுனு பிடிக்கும். ஆனா அலர்ஜியைக் கிளப்பறதுல பெரிய கை மகரந்தம். அது கண்ணுக்கே தெரியாது. அதே மே மாசம் புல்லோட மகரந்தமும் காத்துல இருக்கும். கண்ணுக்குத் தெரிஞ்சது மாட்டிக்கிச்சு! பாப்ளர்ல மகரந்தம் விடறதே ஆண் மரம்தான், அது ‘நல்ல பையன்’னு தப்பிச்சிடுச்சு.

‘அப்போ ஆண் குச்சியா நட்டா பஞ்சு இல்லையே?’ கரெக்ட், பஞ்சு வராது. ஆனா ஒரே ஆண் மரத்தோட ஜெராக்ஸை ஊர் பூரா நட்டா, ஒரு நோய் வந்தா மொத்தமும் காலி. நாலஞ்சு வகையை மாத்தி மாத்தி நடலாம். நிக்கற பெண் மரத்தை, முத்தின பிறகு விவசாயி விலைக்கு வெட்டிக்கட்டுமே. பாதியில வெட்டினா யாருக்கு நஷ்டம்? பெட்டி மரத்தை நம்பி 10 வருஷம் காத்திருந்தவருக்குத்தான்.

ஸ்ரீநகர் என்.ஐ.டி.யில சீட் கிடைச்சுப் போறவங்க, மார்ச்சுல இலை வர்றதுக்கு முன்னாடியே அண்ணாந்து பாருங்க. சிவப்பா, கம்பளிப்பூச்சி மாதிரி தொங்கினா ஆண். பச்சையா மணி கோத்த மாதிரி தொங்கினா பெண். ஏப்ரல்ல போனா ஆண் பூவெல்லாம் கீழ கொட்டியிருக்கும், லேட்!

(அடுத்த வாரம்: எருக்கு)