சோழகமும் மின்சைக்கிளும்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. ஆதலால் துவிச்சக்கரவண்டி ஓட்டுபவனுக்கு இங்கே வருத்தமே இல்லை என்று வெளியூர் அன்பர்கள் எண்ணுவதுண்டு. அவர்கள் ஆனி மாதத்தில் வடமராட்சியிலிருந்து வலிகாமம் நோக்கி வல்லை வெளியைச் சைக்கிளிற் கடந்தவர்கள் அல்லர். ஒதுங்குவதற்கு ஒரு மரமில்லாத அவ்வெளியிலே, சோழகக் காற்று முகத்துக்கு நேரே வந்து நெஞ்சிற் கைவைத்துத் தள்ளும். ஏற்றமென்றால் ஏறி முடிந்ததும் இறக்கம் ஒன்று உண்டு. காற்றுக்கு அந்தத் தயவும் இல்லை.

அவ்வெளியை நாளும் கடந்து பாடசாலைக்குச் செல்பவர்களுள் நாமும் ஒருவர். சென்ற ஆண்டு முழங்கால் தேய்வு காரணமாக மின்சைக்கிள் ஒன்றை வாங்கினோம். அது முதல் எமக்கு நேர்ந்த சில சங்கடங்களை இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். இவை பொறியின் சங்கடங்கள் அல்ல, மனத்தின் சங்கடங்கள்.

சைக்கிள் எங்கள் நாட்டில் வெறும் வாகனம் அன்று. 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டு, மின்சாரமும் அற்றுப் போயிருந்த காலத்தில் நாம் சிறுவர். வைத்தியரும், விவசாயியும், மணமகனும் சைக்கிளிலேயே போயினர். இரவானதும் வீட்டு முற்றத்திலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வானொலிக்குக் கம்பி தொடுத்து, ஒருவர் மாறி ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்றுவோம். தமிழோசைச் செய்தி கேட்பதற்காகவே இத்தனை பாடும். செய்தி துயரமாயின் சுழற்றுபவர் கை தளரும். கை தளர வானொலியின் குரலும் தளரும். 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த அந்த இரவில், முதியோரையும் மூட்டையையும் கரியரில் ஏற்றி, மழைச் சேற்றிலே தென்மராட்சி நோக்கி மக்கள் உருட்டிச் சென்றவையும் இச்சைக்கிள்களே. பின்னர் 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, கொழும்பிலும் சைக்கிளின் விலை ஏறிற்று. அன்று எம்மூரவர் முகத்தில் ஒரு சிறு பெருமிதம் தோன்றியதை மறைப்பானேன்? எமக்கு அது பழைய பாடம்.

அக்காலத்தில் சைக்கிள் மனிதருக்கு மின்சாரம் கொடுத்தது. இன்று மின்சாரம் சைக்கிளுக்கு வலுக் கொடுக்கிறது. இத்தலைகீழ் மாற்றத்தை முற்றத்தில் நின்று முதலில் ஆராய்ந்தவர் எமது சைக்கிள் திருத்துனரே. வண்டியைச் சுற்றி இருமுறை வந்தார். பின்சில்லின் குடத்திலிருந்த மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். "சேர், இது மிதிக்கிற சைக்கிளோ, மிதியாத சைக்கிளோ?" என்றார்.

நாம் ஆசிரியர் அல்லவா? உடனே பாடம் தொடங்கினோம். ஐரோப்பிய நாடுகளின் விதிப்படி மின்சைக்கிளின் மோட்டார் 250 வாற்று வலுவுக்கு மேற்படலாகாது. ஓட்டுபவர் மிதிக்கும்போதே அது துணை செய்யவேண்டும். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகம் வந்ததும் துணை நின்றுவிடவேண்டும். 1993இல் யப்பானில் யமகா நிறுவனம் விற்பனைக்கு விட்ட வண்டியும் மிதிப்பவருக்குத் துணைபுரிவதே. எமது பற்றரியில் அடங்குவது 360 வாற்று-மணி. அதாவது வீட்டுக் கணக்கில் ஓர் அலகு மின்சாரத்தின் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல். இவையெல்லாம் சொன்னோம். அவர் பொறுமையோடு கேட்டுவிட்டு, "அப்ப, மிதிக்கிற மாதிரிக் காட்டினால் போதும்" என்றார்.

அச்சொல் தைத்தது, அதில் உண்மை இருந்தமையால் தைத்தது. சாதாரண மனிதர் ஒருவர் களைப்பின்றித் தொடர்ந்து மிதிக்கும்போது தருவது 75 முதல் 100 வாற்று வரையே. எனவே 250 வாற்று மோட்டார் என்பது, கண்ணுக்குத் தெரியாத இரண்டு மூன்று பேர் எமக்காகக் கூடவே மிதிப்பதற்கு ஒப்பாகும். விலை குறைந்த வண்டிகளில் மிதிகட்டை சுழல்கிறதா என்பதை மாத்திரமே பொறி அறியும்; எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பதை அறியாது. எமது வண்டி அவ்வகையினது.

இத்தகைய ஏளனம் புதிதன்று. 1903இல் பிரான்சுச் சுற்றுச் சைக்கிள் போட்டியைத் தொடக்கிய ஹென்றி டெகிராஞ்ச் என்பவர், ஓடும்போதே கியர் மாற்றும் பொறியைத் தம் போட்டியினுள் அனுமதியாமலே பல்லாண்டு வைத்திருந்தார். அது 1937இலேயே உள்ளே வந்தது. கியர் என்பது நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே உரியது என்பது அவர் கருத்து. அவ்வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் எமக்கு இதனை வாசித்தபோது சிரிப்பும் வந்தது. ஒருவாறு ஆறுதலும் வந்தது. ஆனால் போட்டி வேறு, பிழைப்பு வேறு. 2016இல் பெல்ஜியத்தில் நிகழ்ந்த உலகப் போட்டியொன்றிலே சைக்கிளின் சட்டத்துக்குள் மோட்டாரை ஒளித்து வைத்திருந்தமை பிடிபட்டு, ஆறாண்டுத் தடை விதிக்கப்பட்டது. அது களவு. முழங்கால் நோவுடையவர் சந்தைக்குப் போக மோட்டாரை நாடுவதில் களவு எங்கே இருக்கிறது? மின்சைக்கிள் ஓட்டுபவரைக் கண்டு நகைக்கும் இளைஞர் இவ்வேற்றுமையை எண்ணிப் பார்ப்பாராக.

இனி, எமது பிழைகளுக்கு வருவோம்.

சைக்கிள் ஓட்டுவோரிடையே எழுதாத சட்டங்கள் சில உண்டு. கோவில் வாசலில் இறங்குவர். அவசரக்காரர் ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துச் செல்வர். மரண ஊர்வலம் எதிர்ப்பட்டால் இறங்கி ஓரமாக நிற்பர். ஆசிரியர் முன்னே போகின்றாரெனின் மாணவர் அவரை முந்திச் செல்லார். இவற்றுட் சில நகரத் தெருக்களில் மறைந்துவிட்டன. கிராமப் பாதைகளில் இன்னும் உயிரோடிருக்கின்றன. இச்சட்டங்கள் யாவும் ஓட்டுபவர் அனைவரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போவர் என்ற எண்ணத்தின்மேல் எழுந்தவை. மின்சைக்கிள் அவ்வெண்ணத்தை உடைத்துவிடுகிறது.

வண்டி வாங்கிய முதற்கிழமையில், எமக்கு முன்னொருகால் கணிதம் கற்பித்த பெரியவரைப் பின்னாலிருந்து முந்தினோம். எண்பதை எட்டும் வயது. பழைய றலி சைக்கிள். எமது வண்டியோ சத்தமில்லாதது. மணியடிப்பது மரியாதைக் குறைவு என்றெண்ணி அடியாமல் அருகே சென்றோம். திடுக்குற்ற அவர் கைபிடி தடுமாறி மணலுக்குள் இறங்கினார். நல்லவேளை, விழவில்லை. நாம் ஓடிப்போய் நின்றோம்.

"தம்பி, நீர் வாறது கேட்க வேணும். மோட்டார் சைக்கிள் எண்டால் சத்தம் வரும்; மிதிக்கிற சைக்கிள் எண்டால் மூச்சு வரும். உமக்கு இரண்டும் இல்லை" என்றார்.

அன்று தொட்டு இருபது முப்பது யார் தூரத்திலேயே ஒருமுறை மெல்ல மணியடித்து, வேகத்தைக் குறைத்து, ஓர் ஆள் படுத்தெழும்பும் அகலம் விட்டே முந்துகிறோம். சந்தியில் நின்று புறப்படும்போது மிதிகட்டையைச் சற்றே அசைத்தாலும் வண்டி பாயும் இயல்புடையது; ஆதலால் கூட்டத்தினுள் மோட்டாரை நிறுத்திவிடுகிறோம். நண்பரோடு சேர்ந்து போகும்போது பேச்சுக்கு நாம் பதில் சொல்லிக்கொண்டே போக, அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வருவதும் அழகன்று. பேசாதிருக்கலாம், அல்லது அவர் வேகத்துக்கு இறங்கலாம். இம்மட்டில் நாம் மின்சைக்கிள் மரியாதையை முற்றக் கற்றுவிட்டோம் என்றே எண்ணியிருந்தோம்.

ஆனி மாதத்து ஒரு காலைப்பொழுது. வல்லைப் பாலத்துக்கு அண்மையில் எம் பாடசாலை மாணவன் ஒருவன் முன்னே போய்க்கொண்டிருந்தான். பத்தாந் தரம் படிப்பவன். கரியரில் அவன் தங்கை, இரண்டு புத்தகப் பைகளையும் மடியில் வைத்தபடி இருந்தாள். பையன் ஆசனத்திலிருந்து எழுந்து நின்று மிதித்தான். அவன் சட்டை பாய்போல் முதுகுப்புறம் புடைத்திருந்தது. நாம் முறைப்படி தூரத்திலேயே மணியடித்தோம்; அகலமும் விட்டோம். "வணக்கம் சேர்" என்றாள் சிறுமி. தலையசைத்துவிட்டுப் போனோம். நமது மரியாதையை நாமே மெச்சிக்கொண்டதும் உண்டு.

அன்று வாயிற் கடமை எமது. ஏழரைக்கு மணியடித்தது. பையன் வந்தபோது ஏழு நாற்பத்திரண்டு. அம்மாதத்தில் அவன் பிந்தியது மூன்றாந் தடவை.

"நேரத்துக்கு வெளிக்கிடத் தெரியாதோ?" என்றோம்.

"வெளிக்கிட்டனான் சேர்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. எமது வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே பார்த்தான்.

மூன்றாந் தடவை பிந்தினால் பெற்றாரை அழைத்துவர வேண்டும் என்பது விதி. எழுதிக் கொடுத்தோம். மறுநாள் தாயார் வந்தார். தோட்டத்தில் நாட்கூலிக்கு வேலை செய்பவர். எமது ஒற்றை வரியால் அன்றைய கூலியை இழந்து வந்து நின்றார்.

"பிள்ளை ஆறு மணிக்கே வெளிக்கிடுறவன் சேர். காத்துத்தான் பலமாக் கிடக்கு" என்றார்.

காற்றா? எந்தக் காற்று? எமக்கு மெய்யாகவே விளங்கவில்லை. முதல்நாள் அதே பாதையில், அதே நேரத்தில் வந்தவர் நாம். அவன் சட்டை புடைத்திருந்ததைக் கண்ணாற் கண்டவர் நாம். காற்று இருந்ததே எமக்குத் தெரியவில்லை.

உயர்தர வகுப்பில் இதனையே கணக்காகக் கற்பிப்பவர்கள் உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அமைதியான நாளில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவன், 20 கிலோமீற்றர் எதிர்க்காற்றிலும் அதே வேகத்தைக் காக்க முயன்றால், அவன் உடலில் மோதுவது 35 கிலோமீற்றர்க் காற்று. எதிர்ப்பு ஐந்து மடங்குக்கு மேல். அதற்கு மேல் தங்கையின் பாரம். அவன் ஆறு மணிக்கு அல்ல, ஐந்தரைக்குப் புறப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லலாம். அதனைச் சொல்லும் உரிமை எமக்கு இருந்ததா?

முன்னாண்டுகளில் இதே வாயிலில் நின்றபோது நாம் இப்படிச் செய்ததில்லை. அன்று நாமும் அவர்களோடு குனிந்து மிதித்து, வியர்த்து, சில நாள் நாமே பிந்தி வந்தவர். வடமராட்சிப் பிள்ளைகள் பிந்தினால் முகத்தைப் பார்த்தே உள்ளே விடுவோம். மோட்டார் முழங்காலின் நோவை எடுத்தது. கூடவே அந்தப் பார்வையையும் எடுத்துவிட்டது போலும். தாயாரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கூச்சப்பட்டு, "அப்பிடிச் சொல்லாதையுங்கோ சேர்" என்று எழுந்து நின்றார். இழந்த கூலிக்கு அது ஈடாகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, முழங்கால் என்ன பாடுபட்டாலும் படட்டும் என்று, வெளி தொடங்குமிடத்திலேயே மோட்டாரை நிறுத்திவிட்டு மிதித்தோம். மின்சைக்கிள் மோட்டார் இன்றி ஓடும்போது எத்துணைப் பாரம் என்பதை ஓட்டியவரே அறிவர். எமது வண்டி 24 கிலோகிராம். காற்று பழைய நண்பனைப்போல் நெஞ்சிற் கைவைத்தது. பாலத்தடிக்கு வருமுன்னே நடப்பவர் எம்மைப் பிடித்துவிடுவார் போலிருந்தது. மூச்சு வாங்க ஒருகால் திரும்பிப் பார்த்தோம்.

எமக்குப் பின்னால் ஏழெட்டுச் சைக்கிள்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எல்லாம் எம் பிள்ளைகள். முதலாவதாக அந்தப் பையனும், கரியரில் தங்கையும். ஒருவராவது மணியடிக்கவில்லை, ஒருவராவது முந்தவில்லை. ஆசிரியர் முன்னே போகின்றார் அல்லவா?

"போங்கோ, போங்கோ" என்று கையைக் காட்டினோம்.

"பறவாயில்லை சேர்" என்று சிரித்தார்களேயன்றி இன்னும் வேகத்தைக் குறைத்தார்கள்.

மணிக்கூட்டைப் பார்த்தோம், ஏழு இருபது. இப்படியே போனால் எமது தவத்துக்காக அத்தனை பேரும் பிந்துவார்கள். வேறு வழியில்லை. பெருவிரலால் பொத்தானை அழுத்தினோம். பச்சை விளக்கு எரிந்தது. வண்டி முன்னே பாய்ந்தது. பாதை திறந்துவிட்டது என்று கண்டதும் பின்னால் மணிகள் ஒலிக்க, பிள்ளைகள் எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கினார்கள்.

வாயிலில் அன்று கடமை வேறோர் ஆசிரியருடையது. புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். நாம் வண்டியை விட்டிறங்கி அவரருகே சென்று, "இன்று வல்லையில் நல்ல காற்று" என்றோம்.

அவர் எம்மையும், நனைந்திருந்த எம் சட்டையையும் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.