டைரிக் குறிப்பு என்னும் வசைச்சொல்

தமிழில் ஒருவருடைய எழுத்தை ஒரே சொல்லில் ஒழித்துக்கட்ட வேண்டுமானால் ‘டைரிக் குறிப்பு’ என்றால் போதும். விமர்சனக் கூட்டங்களிலும் சிற்றிதழ்களின் மதிப்புரைப் பக்கங்களிலும் இச்சொல் தாராளமாகப் புழங்குகிறது. அதற்கு மேல் விளக்கம் சொல்வாருமில்லை, கேட்பாருமில்லை. தொட்டியில் வைத்த செடி பூத்தது, பழைய தீப்பெட்டிப் படம் ஒன்று கிடைத்தது, எதிர்வீட்டுச் சுவரில் இதுவரை காணாத பறவை ஒன்று வந்து உட்கார்ந்தது என்று எப்போதாவது எழுதுகிறவனுக்கு இலக்கியத்தின் வாசற்படியிலும் இடமில்லை என்பது நம் தீவிர இலக்கியத்தார் எழுதாமலே நிறைவேற்றிக்கொண்ட தீர்மானம். அத்தீர்மானம் தவறு, வடசென்னை போன்ற நிலப்பகுதிக்கு அது பெருந்தீங்கும் செய்திருக்கிறது என்பது நம் கட்சி.

திருவொற்றியூரில் நமக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். இருபதாண்டுகளுக்கு மேலாக, நாள்தோறும் என்றில்லாமல் மனம் தோன்றும்போது மட்டும், கோடுபோட்ட நோட்டில் எழுதிவருகிறார். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை மொட்டை மாடியிலிருந்து எண்ணி எழுதுகிறார். குடிநீர் லாரி வந்த நாள், வராத நாள், கிணற்று நீர் உப்புக் கரிக்கத் தொடங்கிய மாதம், வஞ்சிரத்தின் விலை எல்லாம் அதில் உண்டு. இரவுக் காற்றில் வந்த நாற்றத்தையும் விடுவதில்லை. அது அழுகிய முட்டை நாற்றமா, எண்ணெய் நாற்றமா, மூக்கைக் குத்தும் அமோனியா நெடியா என்று பிரித்தே எழுதுகிறார். இடையிடையே தீப்பெட்டிப் படங்களை ஒட்டிவைத்திருக்கிறார். அது அவருடைய பொழுதுபோக்கு. விம்கோ தீப்பெட்டி செய்த ஊர்க்காரருக்குப் பொருத்தமான பொழுதுபோக்குதான். அந்நிறுவனத்தின் பெயர் முதலில் ஒரு ரயில் நிலையத்துக்குப் போயிற்று. 2021 பிப்ரவரியில் மெட்ரோ நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பெயர் எப்படி வந்ததென்று இன்று அந்த மெட்ரோவில் போகும் இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவரை வற்புறுத்தி ஆறு பக்கங்களைப் படியெடுத்து ஓர் இதழுக்கு அனுப்பினோம். அனுபவம் உண்டு, தரிசனம் இல்லை என்னும் பொருளில் இரண்டு வரியோடு அவை திரும்பி வந்தன. அவர் சிரித்துக்கொண்டார். நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தரிசனம் என்பது மலையுச்சியில் வரும், நள்ளிரவில் வரும், மரணப் படுக்கையருகே வரும். தண்ணீர் லாரியின் பின்னால் மட்டும் ஒருநாளும் வராது போலும்.

தமிழ்த்துறையில் பாடம் நடத்திப் பிழைக்கும் நமக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. திருவொற்றியூர்க் கோயிலில் பல்லவர் காலந்தொட்டுப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை வைத்து ஆய்வுப் பட்டங்கள் வாங்கியிருக்கிறோம். அக்கல்வெட்டுகளில் பெரும்பாலானவை சொல்லும் சேதி என்ன? நந்தா விளக்குக்கு இன்னார் இத்தனை கழஞ்சு பொன் கொடுத்தார், இன்னார் இத்தனை ஆடு விட்டார், நாளொன்றுக்கு இவ்வளவு நெய் அளக்கவேண்டும். வரவு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். மெய்க்கீர்த்தியை ஒரு முறை படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆட்டின் எண்ணிக்கையில்தான் ஆராய்ச்சியாளன் ஆண்டுக்கணக்கில் குந்தியிருக்கிறான். கல்லில் இருந்தால் வரலாற்று ஆவணம், கோடுபோட்ட நோட்டில் இருந்தால் குப்பை என்பது எந்த ஊர் நியாயம்?

தமிழ் உரைநடையின் தொடக்கக் காலத்துப் பெரும்படைப்புகளில் ஒன்றும் டைரிக் குறிப்புதான். ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் வடசென்னையைச் சேர்ந்த பெரம்பூரில் பிறந்தவர் என்பதை நம் பேட்டைக்காரர்களே மறந்துவிட்டார்கள். புதுச்சேரிக்குப் போய்த் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக உயர்ந்த அவர், 1736 செப்டம்பரில் தொடங்கி 1761இல் இறக்கும் வரை எழுதினார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததும், 1748இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் அதில் இருக்கின்றன. அவற்றோடு கப்பல் வந்த நேரம், துணி வியாபாரம், கல்யாணச் செலவு, சோதிடம், ஊர்வம்பு எல்லாம் கலந்து கிடக்கின்றன. மொழியும் அப்படித்தான், பேச்சும் எழுத்தும் பிறமொழிச் சொல்லும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். இந்த நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. தமிழ் மூலம் அச்சில் நூலாக வந்தது அதற்கும் பின்பு. தமிழ்ச் சமூகம் தன் நாட்குறிப்புக்குக் கொடுத்த முன்னுரிமை அவ்வளவு.

அவர் பெரிய மனிதர், பெரிய சம்பவங்களைப் பார்த்தார், அதனால் மதிப்பு என்று மறுப்பவர்கள் உண்டு. சம்பவங்களுக்குப் பிரெஞ்சு, ஆங்கில ஆவணங்களே வேண்டிய அளவு இருக்கின்றன. பிள்ளையின் நாட்குறிப்பை வேறு எதனாலும் ஈடுசெய்ய முடியாதபடி ஆக்குவது அந்த ஊர்வம்பும் செலவுக் கணக்குமே.

பெரிய சம்பவமே இல்லாமல் எழுதியவருக்கும் உதாரணம் உண்டு. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் காட்டு யானையையும் எழுதினார். காகம், அணில், ஓணான் என்று வீட்டுச் சுற்றுப்புறத்தில் திரிபவற்றையும் அதே கவனத்தோடு எழுதினார். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் அவருடைய ‘கன்ட்ரி நோட்புக்’ பத்தியை 1950 முதல் 1996இல் அவர் மறையும் வரை, 46 ஆண்டுகள் வெளியிட்டது. சென்னைவாசி ஒருவர் தாம் கண்டதை எழுதினார். கல்கத்தாக்காரன் காசு கொடுத்துப் படித்தான். அவர் தமிழிலும் எழுதியவர். அக்கட்டுரைகளைத் தேடித் தொகுக்க ஒரு தியடோர் பாஸ்கரன் வரவேண்டியிருந்தது.

வடசென்னைக்கு வருவோம். இப்பகுதியைப் பற்றி நம்மிடம் இரண்டே வகை எழுத்து இருக்கிறது. ஒன்று தலபுராணம்: பட்டினத்தார் அடங்கிய இடம், சுந்தரர் சங்கிலியாரை மணந்த இடம், வள்ளலார் நடந்துவந்து வணங்கிய கோயில். மற்றது இரத்தம்: அரிவாள், சிறை, சேரி, பழி. மகிழ மரத்தடியில் சுந்தரர் செய்த சத்தியம் எல்லாருக்கும் தெரியும்; அம்மரம் எந்த வாரத்தில் பூ உதிர்க்கத் தொடங்குகிறது என்று குறித்துவைத்தவர் யார்? 2018இல் வந்த ‘வட சென்னை’ படத்தின் நாயகன் கேரம் ஆடுகிறவன். ஆனால் கதை அவனை விரைவிலேயே கத்தியின் பக்கம் இழுத்துப் போய்விடுகிறது. கேரமோ கத்தியில்லாமலே இங்கே வாழ்கிறது. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். செய்தித்தாள்கள் ஒரு வாரம் கொண்டாடின. அந்தப் பலகையில் பவுடர் எவ்வளவு தூவுவது, மழைக்காலத்தில் பலகை இழுத்துப் பிடிக்கும்போது என்ன செய்வது, தெருவுக்குத் தெரு மாறும் ஃபைன் விதிகள் எவை என்று தமிழில் நல்ல உரைநடையில் ஒரு பக்கம் உண்டா? நாம் தேடியவரை கிடைக்கவில்லை.

இதைவிடக் கொடுமையான இழப்பு கடலோரத்தில் நடந்தது. சென்னைக் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். 1870களில் தொடங்கிக் கட்டப்பட்ட துறைமுகத்தின் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மேடாயிற்று. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவிடம் அமைத்து மெரினா என்று பெயரிட்டார். வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. மெரினாவில் உட்கார்ந்து கவிதை எழுதாத தமிழ்க் கவிஞர் இல்லை எனலாம். அவர்கள் உட்கார்ந்த மணல் நமக்கு வரவேண்டிய மணல். போகட்டும். கரை எத்தனை மீட்டர் பின்வாங்கியது என்பதற்குப் பொறியாளர்களின் அறிக்கைகள் இருக்கின்றன. எந்தத் தெரு போயிற்று, அத்தெருவில் யார் வீட்டுத் திண்ணையில் சீட்டாடினார்கள், கடைசியாகத் தூர்ந்த கிணறு எது, அம்மன் கோயிலை எத்தனை முறை மேற்கே நகர்த்திக் கட்டினார்கள் என்பதற்கு எழுத்து இல்லை. கிழவிகளின் நினைவில் இருந்தது. கிழவிகளும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்நாளில் ஓர் ஆள் டைரிக் குறிப்பு எழுதியிருந்தால் தரிசனம் இல்லாவிட்டாலும் அந்தத் தெருவாவது மிஞ்சியிருக்கும்.

சிறு கண்டுபிடிப்பு என்று நாம் ஏளனம் செய்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எண்ணூர் ஆற்றைப் பார்க்கலாம். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அயல் சிப்பியொன்று எண்ணூர், பழவேற்காட்டு நீர்நிலைகளின் அடித்தரையைப் பாய் விரித்தாற்போல் மூடி இறால் வளத்தைக் கெடுத்து வருகிறது. அது புதிது, வேண்டாதது என்று முதலில் கண்டு சொன்னவர்கள் மீனவர்கள். காக்கா ஆழி என்று பெயர் வைத்தவர்களும் அவர்களே. தெற்கே ஊரூர் குப்பத்து மீனவர் பாளையம், காற்றையும் நீரோட்டத்தையும் நாள்தோறும் கவனித்துப் பதிவாக்கியிருக்கிறார். கச்சான், வாடை என்று காற்றுக்கும், வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்கும் பெயர் வழங்கும் அந்த அறிவுக்கு இன்று அறிவியலாளர்கள் செவிசாய்க்கிறார்கள். நெய்தல் திணைக்கு உரையெழுதும் புலவர்கள் இன்னும் வரவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் ஆற்றில் படிந்தது. படகும் வலையும் கூழைக்கடாவும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத்திணறி ஓடினார்கள். இப்படி நடக்கும்போதெல்லாம் குடியிருப்போரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: இதற்கு முன் எப்போது, எத்தனை மணிக்கு, எந்தத் திசைக் காற்றில்? வாயால் சொன்னால் மிகைப்படுத்துகிறார்கள் என்பார்கள். அந்த ஃபிட்டரின் நோட்டில் தேதியும் மணியும் இருக்கின்றன.

அன்றாடத்தை எழுதுகிறோம் என்று கிளம்பியவர்கள் எல்லாரையும் நாம் தூக்கிப் பிடிப்பதாக யாரும் எண்ணவேண்டாம். ‘அந்தக் காலத்தில்’ என்று தொடங்கி, வாழையிலை, பாட்டி, மழை, நெகிழ்ச்சி என்று முடியும் ஏக்க எழுத்து ஏராளமாக வருகிறது. அதில் தேதி இராது, விலை இராது, மரத்தின் பெயர் இராது. ‘ஏதோ ஒரு மரம்’, ‘பெயர் தெரியாத பறவை’ என்றிருக்கும். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கிய மொழியில் இது எழுதப்படுகிறது! பெயர் தெரியாவிட்டால் கேட்கவேண்டும். தெருவில் யாருக்காவது தெரிந்திருக்கும். கேட்கக் கூச்சப்படுகிறவர் ஏக்கத்தை எழுதுகிறார். இதழ்களும் அதைத்தான் அழகான படத்தோடு வெளியிடுகின்றன. ஃபிட்டருக்கு மறுத்த பக்கம் இவர்களுக்குக் கிடைக்கிறது என்பதே நம் கோபம்.

சிற்றிதழ் ஆசிரியர்கள் இதழுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கட்டும். எழுதுவோர் எழுத்தாளராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை வேண்டாம். இடம், நாள், பெயர் மூன்றும் சரியாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை போதும். நம் பங்குக்கு, இந்தப் பருவத்தில் இரண்டாமாண்டு மாணவர்களை ஒரு மாதம் தத்தம் தெருவைக் குறித்துவரச் சொல்லியிருக்கிறோம். ‘ரசித்தேன்’, ‘நெகிழ்ந்தேன்’ என்னும் இரண்டு சொற்களுக்கும் தடை. முதல் வாரக் கட்டில் பாதி தேறாது. ஒரு மாணவி மட்டும், தண்ணீர் லாரி வரிசையில் ஆள் இல்லாமல் இடம்பிடிக்க வைக்கப்படும் பொருள்களைப் பட்டியலிட்டிருக்கிறார்: உடைந்த குடம், செங்கல், பெயின்ட் டப்பா, ஒற்றைச் செருப்பு. குடமும் செங்கலும் வைத்தால் இடம் செல்லும். டப்பா, வைத்தவர் கண்ணெதிரே இருந்தால்தான் செல்லும். செருப்பு செல்லவே செல்லாது. ஏன் என்று அடுத்த வாரம் விசாரித்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.