பெயர் சுட்டா மரபும் தன்விவரக் காப்பும்

அண்மையில் ஒரு பணியின் பொருட்டு நாம் பவானிக்குச் சென்றிருந்தோம். காவிரியும் பவானியும் கூடும் கூடுதுறையாலும், ஜமக்காள நெசவாலும் பெயர் பெற்ற ஊர் அது. பேருந்துக்குக் காத்திருந்த வேளையில், நகலெடுக்கும் கடை ஒன்றின் முன் நிற்க நேர்ந்தது. ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியவற்றை நெசவாளர் ஒருவர் நீட்டினார். முதற்படி சற்றுக் கருத்து விழுந்தது. கடைக்காரர் அதை மேசையின் கீழிருந்த கூடையில் போட்டுவிட்டு மறுபடி எடுத்துத் தந்தார். கூடை நிறைந்திருந்தது. பக்கத்துத் தேநீர்க் கடையில் நாம் வாங்கிய போண்டா ஒரு தாளில் மடித்துத் தரப்பட்டது. அத்தாளில் எவரோ ஒரு பெண்மணியின் முகமும், பிறந்த நாளும், கணவர் பெயரும், பன்னிரண்டு இலக்க எண்ணும் எண்ணெயில் நனைந்து கிடந்தன.

அந்தத் தாளை என்ன செய்வதென்று நமக்குத் தெரியவில்லை. குப்பையில் எறிய மனம் வரவில்லை. உரியவரைத் தேடிச் சென்று கொடுக்கவும் இயலாது. முடிவில் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேருந்து ஏறினோம். ஒருவரைப் பற்றிய செய்தி யாருக்கு உரியது, அதைப் பெற்றவர் எத்துணைக் காலம், எதன் பொருட்டு வைத்துக்கொள்ளலாம் என்னும் வினாக்கள் அன்று முதல் நம்மை விட்டபாடில்லை.

இவை மேலைநாட்டார் கண்டுபிடித்துத் தந்த புதுக் கவலைகள் என்று கருதுவோர் உளர். தமிழ் பயிலும் நாம் அங்ஙனம் கருதுவதற்கில்லை. அகத்திணையில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிப் பாடலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. ஒருவர் உள்ளத்துள் நிகழும் காதலும் பிரிவும் உலகத்தார்க்கெல்லாம் பொதுவாய் அமைய வேண்டுமெனின், அது இன்னாருடையது என்னும் அடையாளம் நீங்கியிருத்தல் வேண்டும். பெயர் வெளிப்பட்ட அளவிலேயே அப்பாடல் அகம் என்னும் நிலையினின்று நீங்கிவிடும். இதனை இலக்கியக் கட்டுப்பாடு என்று மட்டுமே இதுகாறும் பாடஞ்சொல்லி வந்தோம். மனிதரின் அந்தரங்கத்துக்கு ஒரு சமூகம் அளித்த மதிப்பும் அதனுள் அடங்கியிருப்பதாக இப்போது நமக்குத் தோன்றுகிறது.

நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையை இங்கு நினைவுகூர்தல் தகும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அது 188 அடிகள் கொண்டது. பிரிவால் வருந்தும் அரசியும், பாசறையில் உறங்காது உலவும் அரசனும் அதில் இடம்பெறுகின்றனர். எவர் பெயரும் இல்லை. ஆயினும் உச்சிமேற் புலவர்கொள் நச்சினார்க்கினியர் அதனை அகம் என ஏற்றுக்கொள்ளவில்லை. காரணம், வேலின் தலையில் கட்டப்பட்ட வேம்பு. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ ஆதலின், பெயர் கூறாதபோதும் தலைவன் இன்னான் என்பது வெளிப்பட்டுவிட்டது என்பது அவர் கருத்து. பின்வந்த அறிஞர் பலர் இதனை மறுத்துரைத்தனர். அவ்வழக்கு முடிந்தபாடில்லை. முடிய வேண்டும் என்பது நம் விருப்பமுமன்று, அது வகுப்பறைக்குச் சுவை தருவது.

நாம் சொல்ல வந்தது வேறு. பெயரை நீக்கிவிட்டால் ஆளும் மறைந்துவிடுவார் என்பது உண்மையன்று என்பதை அந்த உரையாசிரியர் கண்டிருந்தார். இதே உண்மையை அமெரிக்காவில் லட்டான்யா ஸ்வீனி என்னும் கணினி அறிவியலார் 1990-களில் மெய்ப்பித்துக் காட்டினார். மாசசூசெட்ஸ் மாநில அரசு தன் ஊழியர்களின் மருத்துவ விவரங்களைப் பெயர்களை நீக்கி ஆய்வாளர்க்கு வழங்கியது. பெயர் நீக்கப்பட்டமையால் அச்சமில்லை என்று ஆளுநர் வில்லியம் வெல்டு உறுதி கூறினார். அப்போது மாணவியாயிருந்த ஸ்வீனி, ஆளுநர் வாழ்ந்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். பிறந்த நாள், பாலினம், அஞ்சல் குறியீட்டு எண் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, ஆளுநரின் மருத்துவக் குறிப்பையே தனியே பிரித்தெடுத்தார். அந்நாட்டு மக்களுள் 87 விழுக்காட்டினரை இம்மூன்று விவரங்களாலேயே இன்னார் என்று காணக்கூடும் என 2000-ஆம் ஆண்டில் அவர் கணக்கிட்டு வெளியிட்டார். பாண்டியனுக்கு வேம்பு எப்படியோ, நமக்கு அஞ்சல் குறியீட்டு எண் அப்படி.

நம் நாட்டுச் சட்ட வரலாற்றிலும் இப்பொருள் ஒரு தமிழ் ஏட்டின் வழியாகவே தெளிவு பெற்றது என்பது பலர் அறியாத செய்தி. மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட நக்கீரன் இதழ் முற்பட்டபோது, சிறைத்துறை அதனைத் தடுக்க முயன்றது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1994 அக்டோபர் 7-ஆம் நாள் வழங்கப்பெற்ற தீர்ப்பு, வெளியீட்டை அரசு முன்கூட்டியே தடுக்க இயலாது என்றது. அதே தீர்ப்பு, தனித்து விடப்படும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பில் உள்ளடங்கியது என்றும், பொது ஆவணங்களில் இடம்பெற்ற செய்திகளுக்கும் பொதுப்பணியாளரின் அலுவல் நடத்தைக்கும் அம்மறைப்பு பொருந்தாது என்றும் வரையறுத்தது. எழுதுவோன் உரிமையும் எழுதப்படுவோன் உரிமையும் ஒரே ஏட்டில் அமைந்த இத்தீர்ப்பைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் படித்தல் வேண்டும்.

பின்னர் கர்நாடக உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி புட்டசாமி, ஆதார்த் திட்டத்தை எதிர்த்து 2012-ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமையே என்றனர். 2018 செப்டம்பரில் ஆதார்ச் சட்டம் பெரும்பான்மைத் தீர்ப்பால் நிலைபெற்றது. எனினும் வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி இணைப்புக்கும் ஆதாரைக் கட்டாயமாக்குதல் செல்லாது எனப்பட்டது. 2022 மே மாத இறுதியில், ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்க வேண்டா, இறுதி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் அறிவுறுத்தியது. தவறாகப் பொருள்கொள்ளப்படக்கூடும் என்று கூறி நடுவண் அரசு இரண்டு நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த அறிவுரையில் பிழை ஏதும் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் எண்ணிமத் தன்விவரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் அதனின்று பதினெட்டுத் திங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் என வகுக்கப்பட்டது. என்ன விவரம், எதற்காக என்று தெளிவாகச் சொல்லி இசைவு பெற வேண்டும், கொடுத்த இசைவைக் கொடுத்த அளவு எளிதாகத் திரும்பப் பெற இயல வேண்டும், கருதிய பயன் முடிந்தபின் விவரத்தை அழிக்க வேண்டும் என அச்சட்டம் கூறுகிறது. உரிய பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இடமுண்டு.

குறைகளும் உண்டு. அரசு தான் விரும்பும் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ளலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவை இச்சட்டம் திருத்தியமையால், பொதுநலன் கருதித் தனிநபர் விவரத்தை வெளியிட அப்பிரிவில் இருந்த வாயில் குறுகிவிட்டது. எளியோனின் அந்தரங்கத்தைக் காக்க எழுந்த வேலி, அதிகாரியின் கணக்கை மறைக்கும் திரையாதல் முறையன்று. இன்னுமொன்று. கணினியில் உள்ள விவரத்துக்கும் கணினியில் ஏற்றப்பட்ட விவரத்துக்குமே அச்சட்டம் பொருந்தும். பவானியில் நாம் கண்ட கூடை அதன் எல்லைக்கு வெளியே கிடக்கிறது!

மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவன் ஏன் அஞ்ச வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் நம்மிடம் கேட்டனர். நேர்மையாளர் கேட்கும் கேள்வி இது, ஆதலின் நேர்மையாகவே மறுமொழி கூற வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன் நெதர்லாந்து நாட்டில் மக்கள் பதிவேடு மிகச் செம்மையாகப் பேணப்பட்டது. ஒவ்வொருவரின் சமயமும் முகவரியும் அதில் இருந்தன. நல்லாட்சியின் பொருட்டு நல்லவர்கள் தொகுத்த ஏடு அது. கொடுத்த மக்களுக்கும் மறைக்க வேண்டியது ஏதுமில்லை. 1940-இல் ஹிட்லரின் படை அந்நாட்டைக் கைப்பற்றியது. யூதர் எவர், எத்தெருவில் உள்ளார் என்று தேட வேண்டிய தொல்லையே அப்படைக்கு இருக்கவில்லை. அந்நாட்டு யூதருள் ஏறத்தாழ நால்வரில் மூவர் மாண்டனர். 1943 மார்ச் 27 இரவு, எதிர்ப்பியக்கத்தினர் ஆம்ஸ்டர்டாம் பதிவலுவலகத்துக்குத் தீ வைத்தனர். அதில் ஈடுபட்டோர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏட்டின் ஒரு பகுதியே எரிந்தது. தொகுத்தவன் நல்லவனா என்று கேட்பதோடு நில்லாமல், நாளை இது எவன் கையில் சேரும் என்றும் கேட்க வேண்டியிருப்பது இதனாலேயே. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் இதனை உணர்ந்தே, குடிமகன் தந்த விவரத்தைப் பிறர் பார்வையிடவோ வழக்கில் சான்றாகக் காட்டவோ இயலாதவாறு கதவடைத்தது.

பிறரைக் குறைகூறுதல் எளிது. நம் இல்லத்துக்குள்ளும் விளக்கை ஏந்திப் பார்ப்போம். கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் வருவாய், தாயின் கைப்பேசி எண், சாதி, சமயம், குருதி வகை எல்லாம் கேட்கப்படுகின்றன. குருதி வகை எதற்கு என்று எந்த மாணவரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் நம்மாலும் விடை சொல்லியிருக்க முடியாது. உதவித்தொகை பெறுவோர் பட்டியல், குடும்ப வருவாயோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட காலமும் உண்டு. அந்தப் பலகையின் முன் நின்று தன் தந்தையின் வறுமையைத் தோழியர் படிப்பதைக் கண்டு, மறுநாள் முதல் வகுப்புக்கு வாராது போன மாணவி ஒருத்தியை நாம் அறிவோம். அவளை மீண்டும் அழைத்துவர ஒரு திங்கள் ஆயிற்று. இன்று பலகை இல்லை. அதே பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் ஐந்நூறு கைப்பேசிகளுக்கு ஒரே நொடியில் போய்ச் சேருகிறது.

மஹல்லாக்களின் பதிவேடுகளையும் எண்ணிப் பார்க்கலாம். திருமணம், மணமுறிவு, மரணம், சந்தா நிலுவை என ஒரு குடும்பத்தின் முழுக் கதையும் அவற்றில் உள்ளது. முன்னர் அவ்வேடு முத்தவல்லியின் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. இப்போது எவரோ ஓர் இளைஞரின் கைப்பேசியில் கிடக்கிறது. அவர் நல்ல பிள்ளைதான். ஆனால் கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் நாளில் என்ன செய்வார்? ஜகாத் அரிசிப் பையுடன் விதவைத் தாய்மாரை வரிசையில் நிறுத்திப் படமெடுத்துப் பரப்பும் வழக்கத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மறைவாகக் கொடுப்பதை உயர்த்திப் பேசும் வேதத்தையும், பிறர் குறைகளைத் துருவி ஆராயாதீர் என்னும் கட்டளையையும் உடைய சமுதாயத்துக்கு அது அழகன்று. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பர். கணக்குக்குத் தொகையும் எண்ணிக்கையும் போதும், முகம் வேண்டுவதில்லை.

இச்சட்டம் விவரத்தைப் பெற்று வைத்திருப்பவரை ஆங்கிலத்தில் ‘ஃபிடூசியரி’ என்று அழைக்கிறது. நம்பி ஒப்படைத்த பொருளுக்குப் பொறுப்பானவர் என்பது அதன் கருத்து. தமிழில் இதற்குச் சொல் தேடி அல்லற்படுவாரைக் கண்டோம். அடைக்கலக் காதை என்றொரு பகுதியைச் சிலம்பில் படித்தவர்களுக்கும், அமானிதம் என்னும் சொல்லைத் தாய் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் இது அரிதான தேடலன்று. ‘அமானிதக் காப்பாளர்’ என்று எழுதினால் கொங்குநாட்டின் எந்தப் பள்ளிவாசல் தெருவிலும் பொருள் விளங்கும். ‘அடைக்கலக் காப்பாளர்’ என்றால் பவானி நெசவாளர்க்கும் விளங்கும்.

சட்டத்தின் ஆறாம் பிரிவு, இசைவு கேட்கும் அறிவிப்பை எளிய, தெளிந்த நடையில் தர வேண்டும் என்றும், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எம்மொழியிலும் அதைப் பெற வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. தமிழ் அவ்வட்டவணையில் உள்ளது. அப்படியாயின் அந்தத் தமிழை எழுதப்போவது யார்? கணினி மொழிபெயர்த்துத் துப்பும் தமிழா, படித்தவுடன் பொருள் விளங்கும் தமிழா? முதலாண்டில் சேர்வோருள் பலர் பதினேழு வயதினர். பதினெட்டு நிரம்பாதவர்க்குப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்பது ஒன்பதாம் பிரிவு. கையெழுத்திட வருபவர் பெரும்பாலும் தமிழ் மட்டும் படித்த தாயாகவே இருப்பார்.

வரும் கல்வியாண்டின் சேர்க்கைப் படிவத்தோடு இணைக்கத் தக்கதாக, ஒரே பக்கத்தில் அத்தகைய அறிவிப்பொன்றை நம் துறை வரைந்து நிருவாகத்தாரிடம் அளிக்க வேண்டும் என்பது நம் விண்ணப்பம். எதைக் கேட்கிறோம், ஏன் கேட்கிறோம், யார் பார்ப்பர், எந்நாளில் அழிப்போம் என்னும் நான்குக்கும் அதில் விடை இருக்க வேண்டும். விடை எழுத இயலாத கட்டங்களைப் படிவத்திலிருந்தே அடித்துவிடலாம். குருதி வகையிலிருந்து தொடங்கலாம்.