‘கப்பலுக்குப் போனவர்’

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை என நீளும் நம் கடற்கரை ஊர்களில் எந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டாலும் ஒரு தொடர் தவறாமல் காதில் விழும்: “அவர் கப்பலுக்குப் போனவர்.” எந்தக் கப்பல், யாருடைய கப்பல், என்ன பணி, எந்த ஆண்டு என்னும் வினாக்களுக்கு அத்தொடர் விடை தருவதில்லை. ஒரு மனிதரின் இளமை முழுவதையும் இரண்டே சொற்களில் மூடி வைத்துவிடுகிறது. குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் முதலில் திறக்க வேண்டிய பூட்டு இதுவே என்பது என் கருத்து.

இக்கருத்து நூல்களில் படித்துப் பெற்றதன்று. என் வீட்டில் பட்டறிந்தது. என் பாட்டனாரின் இளவலை என் தந்தையார் ‘கப்பல் சாச்சா’ என்று அழைப்பார். அவர் 1989-இல் காலமானபோது எனக்கு வயது பத்து. முன்கூடத்துச் சுவரில் அவருடைய நிழற்படம் ஒன்று தொங்கியது. வெள்ளைச் சீருடை, வட்டத் தொப்பி, தொப்பிப் பட்டையில் ஆங்கில எழுத்துகள் நான்கு. பம்பாயில் வெள்ளையரை எதிர்த்து எழுந்த மாலுமிகளுள் அவரும் ஒருவர் என்றும், அதனாலேயே பணிநீக்கம் செய்யப்பட்டார் என்றும் வீட்டில் கூறிக்கொண்டோம். திருமணப் பேச்சுகளிலும் அப்பெருமை இடம்பெற்றது. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர்கள் கூடிக் குடும்ப மலர் ஒன்று வெளியிட முடிவு செய்து, அவரைப் பற்றி எழுதும் பணியை என்னிடம் ஒப்படைத்தனர். தமிழ் படித்தவன் அழகாக எழுதுவான் என்பது அவர்கள் எண்ணம். நானோ முதலில் தேடத் தொடங்கினேன்.

‘கப்பலுக்குப் போனவர்’ என்னும் தொடருக்குள் குறைந்தது மூவகை மனிதர் அடங்குவர். நம் ஊர்ப் பாய்மரக் கலங்களில் இலங்கைக்கும் பர்மாவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றோர் ஒரு வகையினர். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ‘லஸ்கர்’ என்னும் பெயரில் பணியாற்றியோர் இரண்டாம் வகையினர். 1934-இல் ‘ராயல் இந்தியக் கடற்படை’ எனப் பெயர் பெற்ற போர்ப்படையில் சேர்ந்தோர் மூன்றாம் வகையினர். மூவரும் கடலோடிகளே, ஆயினும் மூவரின் ஏடுகளும் வெவ்வேறு இடங்களில் உறங்குகின்றன. போர்ப்படை மாலுமிக்குப் பணி எண் உண்டு. வணிகக் கப்பல் மாலுமியை அவரது பணிப்பதிவுக் கையேட்டையும் கப்பலின் பெயரையும் கொண்டே தேட வேண்டும். பாய்மரக் கலத்தவருக்கோ வணிகரின் கணக்கேடே சான்று. வகை அறியாது தேடுவோர் வடக்கே செல்ல வேண்டிய வழியில் தெற்கே நடந்தவராவர்.

எங்கள் சுவர்ப்படத்தின் தொப்பிப் பட்டையே எனக்கு வழி காட்டியது. ‘எச்.எம்.ஐ.எஸ்.’ என்னும் அந்நான்கு எழுத்துகள் ‘மாட்சிமை தங்கிய மன்னரின் இந்தியக் கப்பல்’ என்பதன் சுருக்கம். ஆகவே அவர் போர்ப்படையினர். கப்பலின் பெயர் ஏன் இல்லை? போர்க்காலத்தில் கப்பல்களின் இருப்பிடம் பகைவர்க்குத் தெரியாதிருக்க, பட்டையில் பெயர் பொறிக்காமல் விடுவது அக்கால வழக்கம். எனவே படம் போர்க்காலத்தது என்பதும் துணியப்பட்டது. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றியபோது பின்புறத்தில் பென்சிலால் எழுதிய எண் ஒன்று தெரிந்தது. ஐம்பது ஆண்டுகள் அந்த எண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பித் தொங்கவிட்டிருந்தோம்!

தமிழ் பயின்றோருக்கு இத்தேடலில் ஒரு தனி உரிமை உண்டு. ‘மாலுமி’ என்பது ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது என்பர். சுக்கான் பிடிப்பவர் ‘சுக்கானி’. ஆங்கில ஏடுகளில் அவர் ‘சீக்கன்னி’ ஆகிறார். நம் தோணித் துறைகளில் வழங்கும் ‘தண்டல்’, அங்கே ‘டிண்டல்’ ஆகிறது. இச்சொற்களைக் காணும் வேற்றூர் ஆய்வாளர் அகராதியைத் தேடுவார். நம் கரையிலோ பாட்டியரே பொருள் சொல்வர். பெயர்களின் நிலையும் அன்னதே. முகம்மது, மொகமத், மகமது என ஒருவரே மூன்று வடிவில் பதிவாகியிருப்பார். மரைக்காயர், லெப்பை, ராவுத்தர் என்பன ஓரிடத்தில் பெயரின் இறுதியாகவும் பிறிதோரிடத்தில் தந்தை பெயராகவும் நிற்கும். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காணும் பயிற்சி இங்கே பெரிதும் கைகொடுக்கும். தந்தை பெயர், ஊர், பணி எண் ஆகிய மூன்றும் ஒத்த பின்னரே ‘இவர் நம்மவர்’ எனத் துணிதல் வேண்டும்.

இந்தியக் கடற்படை மாலுமிகளின் பணியேடுகளை இன்று பேணுவது மும்பை மான்குர்டில் உள்ள மாலுமிகள் பணியகம். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் அதிகாரிகளைப் பற்றிய பதிவுகள் கிடைக்கும். கடைநிலை மாலுமிகளை அங்கே தேடுவது பெரும்பாலும் வீண் உழைப்பு. 1947 பிரிவினையில் கப்பல்களும் ஆட்களும் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டதையும் மறத்தலாகாது. 1939 முதல் 1945 வரை நடந்த போரில் கடலில் மாண்டு, கல்லறை இல்லாது போன ராயல் இந்தியக் கடற்படையினர் நானூற்றுவருக்கு மேற்பட்டோர். இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேர். அவர்களின் பெயர்ப் பட்டியல் மும்பையிலும் வங்காளதேசத்துச் சிட்டகாங்கிலும் ஏடாக வைக்கப்பட்டுள்ளது. அப்பட்டியலை இன்று கணினி வழியாகவும் பார்க்க இயலும்.

நான் எழுதிய கடிதங்களுக்கு ஓர் அலுவலகம் பதினான்கு திங்கள் விடையளிக்கவில்லை. இறுதியில் சான்று கிடைத்தது எங்கள் வீட்டிலேயே. பழைய நிலப்பத்திரக் கட்டின் நடுவே நான்காக மடிக்கப்பட்டுக் கிடந்தது அவருடைய பணிச்சான்று. படத்தின் பின்னிருந்த அதே எண். பணி: ‘ஸ்டோக்கர்’, அதாவது கொதிகலன் அறைப் பணியாளர். போர் முடிந்தபின் படைக்குறைப்பில் விடுவிக்கப்பட்ட நாள் 1945 டிசம்பர். நடத்தை: மிக நன்று.

பம்பாயில் ‘தல்வார்’ பயிற்சி நிலையத்து மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கியது 1946 பிப்ரவரி 18 அன்று. கராச்சி, கல்கத்தா, சென்னை எனப் பரவி, 78 கப்பல்களும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளும் பங்கேற்றதாகக் கூறப்படும் அவ்வெழுச்சி பிப்ரவரி 23-இல் முடிவுற்றது. அவ்வேளையில் எங்கள் கப்பல் சாச்சா ஊரில் இருந்தார். பணிநீக்கம் செய்யப்படவில்லை, எழுச்சியிலும் இல்லை.

செய்தியறிந்த உறவினர் மகிழவில்லை. “யாருக்குத் தெரியப்போகிறது? இருக்கிறபடியே எழுதிவிடு” என்றனர். என் தந்தையாரும் முதலில் அதையே சொன்னார். நான் மறுத்தேன். அவ்வெழுச்சியில் உண்மையாகவே ஈடுபட்டுப் பணியிழந்து, ஊதியமும் ஓய்வூதியமும் இன்றி ஊர் திரும்பிய எளியோர் பலர். தியாகிகளுக்கான ஓய்வூதியத் திட்டம் வந்தபோது, காட்டுவதற்குத் தாள் இல்லாதோர் என்ன பாடுபட்டிருப்பர்! அவர்களுடைய இழப்பை நம் வீட்டு அலங்காரமாக எடுத்துக்கொள்வது அறமாகாது. மேலும், இல்லாத வீரத்தை ஏற்றிச் சொல்லும்போது இருந்த உழைப்பு மறைந்துபோகிறது. கண்ணிவெடியும் நீர்மூழ்கியும் உலவிய கடலில், வானமே தெரியாத கொதிகலன் அறையில் நின்று உழைத்த இளைஞரை நாம் எழுபது ஆண்டுகள் நினைக்கவே இல்லை. அவர் தம் வாயால் அந்தப் பம்பாய்க் கதையை ஒருநாளும் சொன்னதில்லை என்பதும் விசாரித்தபின் தெளிவாயிற்று. அவர் வாய் திறக்காத இடத்தை நாமே கதையால் நிரப்பியிருக்கிறோம்.

சான்றின் ஓரத்தில் உடல் அடையாளங்கள் குறிக்கப்பட்டிருந்தன: ‘இடப்புருவத்தின் மேல் தழும்பு.’ அவ்வரியைப் படித்துச் சொன்னதும் என் தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கிணற்றடியில் வழுக்கி விழுந்த தழும்பு அது. நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்” என்றார். அதன்பின் அவர் என்னைத் தடுக்கவில்லை.

மாணவ மணிகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டிலும் கப்பலுக்குப் போனவர் ஒருவர் இருந்திருப்பார். அவரைக் கண்டு பழகிய முதியோர் இன்னும் சிலரே எஞ்சியுள்ளனர். இந்த விடுமுறையிலேயே அவர்களிடம் கேளுங்கள். சுவர்ப்படங்களைத் திருப்பிப் பாருங்கள். பத்திரக் கட்டுகளைப் பிரியுங்கள். கேட்டதைக் கேட்டதாகவும் கண்டதைக் கண்டதாகவும் பிரித்து எழுதுங்கள்.

எங்கள் குடும்ப மலரில் கப்பல் சாச்சாவைப் பற்றி இடம்பெற்றவை ஆறே வரிகள். ஆறும் உண்மை.